உங்களைப் பற்றி நாலு வரி: புதிதாக எழுத வருபவர்களுக்கு ஆசிரியர் குறிப்பு எழுதும் முழு வழிகாட்டி

"உங்கள் சிறுகதை தேர்வாகியிருக்கிறது. உங்களைப் பற்றி நாலு வரியும் ஒரு புகைப்படமும் நாளை மாலைக்குள் அனுப்பி வையுங்கள்."

மூன்று மாதம் உட்கார்ந்து கதை எழுதியவரையும் இந்த இரண்டாவது வாக்கியம் ஒரே ராத்திரியில் படுத்தி எடுத்துவிடும். கற்பனையில் பிறந்த ஒருவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்தவருக்குத் தன்னைப் பற்றி நாலு வரி வராது. கடைசியில், நேரமாகிவிட்டதே என்று "சிறுவயது முதலே வாசிப்பில் ஆர்வம் கொண்ட..." என ஏதோ ஒன்றைத் தட்டி அனுப்பிவிடுவோம். அது அச்சில் வந்து நிற்கும்போதுதான் கூச்சமாக இருக்கும்.

நானும் அப்படி அனுப்பியவன்தான். என் கதையே இரண்டு பக்கம். குறிப்பு நூற்றெண்பது வார்த்தை. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் வாங்கிய பரிசு வரை எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். இடம் போதாமல் இதழில் வெட்டினார்கள். வெட்டுக்குத் தப்பி மிஞ்சியது ஒரே ஒரு வரி: "இவருக்குப் பயணம் மிகவும் பிடிக்கும்." எனக்குப் பேருந்தில் ஏறினாலே குமட்டும். அதை ஏன் எழுதினேன் என்று கேட்டால், எல்லோரும் எழுதுகிறார்களே என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

ஒன்றிரண்டு படைப்புகள் வெளியானவர்களுக்கும், இன்னும் எதுவுமே வெளியாகாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். புதிதாக எழுதுபவர்களின் குறிப்புகள் சொதப்புவதற்கு நான் பார்த்தவரை ஒரே காரணம்தான்: பட்டியல் போட சாதனை இல்லையே என்ற பதற்றத்தில் அந்த இடத்தை அடைமொழிகளால் நிரப்புகிறார்கள். பத்து அடைமொழி செய்யாத வேலையை, உங்களுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு சின்னத் தகவல் செய்துவிடும். அந்தத் தகவலைக் கண்டுபிடித்து, சுத்தமாக எழுதி, சரியான அளவில் வெட்டி அனுப்புவது எப்படி என்று பார்ப்போம்.

தொடங்கும் முன்: யார் படிக்கப்போகிறார்கள்?

முதலில் படிப்பவர் இதழாசிரியர். பத்துப் பேருடைய குறிப்புகளை ஒரே நாளில் ஒட்டிப் பக்கம் முடிக்க வேண்டியவர் அவர். கை வைக்கத் தேவையில்லாத குறிப்பு வந்தால் போதும், மனதுக்குள் நன்றி சொல்வார்.

அடுத்தவர் வாசகர். கதையை முடித்த கையோடு "யாருப்பா இதை எழுதினது?" என்று கண்ணைக் கீழே இறக்குகிறாரே, அந்தச் சில விநாடிதான் உங்களுக்குக் கிடைக்கும். இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது, இவர் எழுதிய வேறு எதைப் படிக்கலாம் என்ற இரண்டைத்தான் அவர் தேடுகிறார். உங்கள் மதிப்பெண் அவருக்கு வேண்டாம்.

மூன்றாமவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். நிகழ்ச்சியில் மேடையேறி உங்களை அறிமுகப்படுத்துபவர். உங்கள் குறிப்பை அவர் முதன்முதலாகப் பார்ப்பதே ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றுதான். மூச்சு வாங்கும்படி ஒரே நீள வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் தடுமாறப்போவது அவர்; சங்கடப்படப்போவது நீங்கள்.

இவர்களில் யாருக்கும் பயோடேட்டா தேவையில்லை. வேலைக்கு அனுப்பும் விவரத்தாளில் வயது, படிப்பு, அனுபவம் எல்லாம் வரிசையாக வரவேண்டும். ஆசிரியர் குறிப்பில் அந்த வரிசைக்கு வேலையே இல்லை.

படி 1: எங்கே போகிறது, எவ்வளவு இடம்?

அச்சிதழ், இணைய இதழ் என்றால் பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வார்த்தை. புத்தகத்தின் பின்னட்டை, உள்மடிப்பு என்றால் எண்பதிலிருந்து நூற்றிருபது வரை போகலாம். பதிப்பகத்துக்குக் கைப்பிரதி அனுப்பும் கடிதத்தில் ஒரு சின்னப் பத்தி. அங்கே இந்த நூலை எழுத உங்களுக்கு என்ன தகுதி என்பதுதான் கேள்வி. சமையல் நூல் எழுதியவர் இருபது வருடம் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பது முதல் வரியில் வரவேண்டிய செய்தி. அதே ஆள் கவிதை அனுப்பினால், அது இரண்டாம் வரிக்குப் போகலாம், வராமலேயும் போகலாம்.

வார்த்தைக் கணக்கில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. "எழுதிக்கொண்டிருக்கிறார்" என்பது நமக்கு ஒரே சொல். ஐம்பது தமிழ்ச் சொற்கள் சுமக்கும் செய்தியும், பக்கத்தில் அடைக்கும் இடமும் அதிகம். அதனால் ஐம்பது என்று கேட்டால் நாற்பதுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. ஐம்பதைத் தாண்டினால் வெட்டுவது அவர்கள் கையில்; எந்த வரி மிஞ்சும் என்பதும் அவர்கள் கையில். என் பயண வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சமூக ஊடகத்தில் கணக்கு இன்னும் கறார். எக்ஸ் தளத்தில் அறிமுகக் குறிப்புக்கு 160 எழுத்துகள், இன்ஸ்டாகிராமில் 150. இந்த எண்ணிக்கை நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளுக்கானது அல்ல. கணினிகள் எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனி எண்கள். "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. "எழுத்தாளர்" நமக்கு ஆறு, கணினிக்குப் பத்து. ஆக, 150 என்று எழுதியிருந்தாலும் தொண்ணூறு, நூறு தமிழ் எழுத்துக்கு மேல் உள்ளே போகாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

படி 2: வாக்கியம் எழுதாதீர்கள், தகவல் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அழகாக எழுத வேண்டாம், வெறும் தகவல் போதும். இருபது தகவலாவது வரட்டும். தோன்றவில்லை என்றால் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

என்ன வேலை பார்க்கிறேன்? வேலைக்கு வெளியே என் பொழுதை அதிகம் தின்பது எது? எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்? திரும்பத் திரும்ப எதைப் பற்றி எழுதுகிறேன்? எந்த மொழிகள் தெரியும்? யாரும் எளிதில் போகாத எந்த இடத்துக்குள் எனக்கு நுழைவு உண்டு? வீட்டில் எனக்கு மட்டும் வாய்த்த விசித்திரம் என்ன? இதுவரை எது, எங்கே, எந்த ஆண்டு வெளியானது?

கடைசிக் கேள்வியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை முதலில் கேட்டால், "ஒன்றுமில்லையே" என்று பேனாவை மூடி வைத்துவிடுவீர்கள்.

படி 3: சலித்தெடுங்கள்

ஒவ்வொரு தகவலாக எடுத்துப் பாருங்கள். இந்த வரியை இன்னொருவர் பெயருக்குக் கீழே போட்டாலும் பொருந்துமா? பொருந்தினால் அடித்துவிடலாம். "இசை கேட்பார்" யாருக்குத்தான் பொருந்தாது? "கோயில் திருவிழாக்களில் பத்து வருடம் மேளம் வாசித்தவர்" என்றால் அது ஓர் ஆள்.

அடுத்து, நான் அனுப்பும் படைப்போடு இதற்கு ஏதாவது ஒட்டுறவு இருக்கிறதா? நேரடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்குப் பதிவாளராக இருப்பவர் காதல் கவிதை எழுதினால் அந்த முரணே ஓர் உறவுதான்.

அப்புறம், என் மேலதிகாரியோ, என் பிள்ளையோ, ஐந்து வருடம் கழித்து நானோ இதைப் படித்தால் பரவாயில்லையா? இந்த மூன்றுக்கும் தப்பியவை நாலைந்து தகவல்தான் இருக்கும். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

படி 4: பெயரை முடிவு செய்யுங்கள்

இதைப் பலரும் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். ஓர் இதழில் "க." என்ற முதலெழுத்தோடு, இன்னொன்றில் "கே." என்று, மூன்றாவதில் முதலெழுத்தே இல்லாமல். பெயரைத் தேடி வரும் வாசகருக்கு மூன்று பேரும் வெவ்வேறு ஆட்கள், தேடுபொறிக்கும் அப்படியே. இன்று ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஒற்று, முதலெழுத்து, இடைவெளி உட்பட எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். முடிவு செய்யும் முன் அந்தப் பெயரை இணையத்தில் தேடிப் பார்ப்பது நல்லது. அதே பெயரில் ஏற்கெனவே ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் முதலெழுத்தோ தந்தை, தாய் பெயரோ சேர்த்துக்கொள்ளலாம்.

புனைபெயர் என்றால் இன்னொரு கேள்வி வரும்: இயற்பெயரைக் குறிப்பில் சொல்வதா வேண்டாமா? மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக்கிக்கொண்ட ரங்கராஜனின் இயற்பெயர் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இத்தாலிய மொழியில் எலினா ஃபெரான்டே என்ற புனைபெயரில் 1992 முதல் நாவல்கள் வெளிவருகின்றன. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் தன்னை இன்றுவரை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. இரண்டு வழியும் சரிதான். ஒரே குறிப்பில் பாதி மறைத்துப் பாதி காட்டுவதுதான் சரிவராது. புனைபெயரைப் போட்டுவிட்டு, வேலை பார்க்கும் நிறுவனம், பதவி, படித்த கல்லூரி என எல்லாம் எழுதினால் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

இந்த விஷயத்தில் தமிழ் நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. "எழுதுகிறார்" என்ற மரியாதை விகுதி ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சலுகை இல்லை. புனைபெயரில் எழுதுபவர்கள் ஆங்கிலக் குறிப்பையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ள இது ஒரு காரணம்.

சன்மானம் அனுப்ப வங்கிக் கணக்கில் உள்ள பெயர் இதழுக்குத் தேவைப்படலாம். அதை மின்னஞ்சலில் தனியாகச் சொல்லுங்கள், குறிப்புக்குள் வேண்டாம்.

படி 5: "நான்" எழுதுவதா, "இவர்" எழுதுவதா?

இதழ், புத்தகம், மேடை எல்லாவற்றுக்கும் படர்க்கைதான் வழக்கம். சொந்த வலைப்பக்கம், சமூக ஊடகம் என்றால் "நான்" எழுதலாம்; அங்கே "இவர்" என்று எழுதினால் யாரோ பக்கத்தில் நின்று உங்களைப் புகழ்வது போல இருக்கும். பதிப்பாளருக்கு எழுதும் கடிதத்திலும் "நான்"தான்.

தன்னைத் தானே "இவர்" என்று எழுதிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்தக் கூச்சம் நல்லதுதான், அது வாலைச் சுருட்டி வைத்திருக்கும். அதையும் மீறிச் சங்கடமாக இருந்தால் எழுவாயையே விட்டுவிடுங்கள். "சிறுகதைகள் எழுதுகிறார். ஆய்வகத்தில் பணி." தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் "இவர்... இவர்..." என்று தொடங்குவதிலிருந்தும் தப்பிக்கலாம்.

ஒரே குறிப்பில் ஆள் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "இவர் ஐந்து கதைகள் எழுதியுள்ளார். எனது முதல் கதை..." என்று வந்த குறிப்புகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அவசரத்தில் ஒட்டி வெட்டினால் இப்படித்தான் ஆகும்.

படி 6: எழுதுங்கள், பிறகு பிரித்துப் போடுங்கள்

இந்தப் படியில்தான் வேலையே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒருவர் தன் முதல் சிறுகதையோடு இப்படி ஒரு குறிப்பு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"சிறுவயது முதலே வாசிப்பிலும் எழுத்திலும் தீராத ஆர்வம் கொண்ட இவர், வளர்ந்து வரும் இளம் எழுத்தாளர். சமூக அக்கறையும் மனிதநேயமும் மிக்க படைப்புகளைத் தொடர்ந்து எழுதி வருகிறார். இயற்கையை ரசிப்பதும் இசை கேட்பதும் இவரது பொழுதுபோக்குகள். எழுத்துலகில் தனக்கென ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதே இவரது லட்சியம்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஆள் எங்கே? எழுதுகிற எவருக்கும் சிறுவயதில் வாசிப்பு இருந்திருக்கும், சொல்லத் தேவையில்லை. "வளர்ந்து வரும்" என்பது அடுத்தவர் நமக்குத் தரவேண்டிய பட்டம். சமூக அக்கறை இருக்கிறதா என்பதைக் கதையைப் படித்த வாசகர் சொல்லட்டும். லட்சியத்தைப் பொறுத்தவரை, கதை வெளியான பக்கத்தில் நின்றுகொண்டே "எனக்கு இடம் வேண்டும்" என்று கேட்பது போல் இருக்கிறது. இடம்தான் கிடைத்துவிட்டதே!

சரி, அவரைக் கூப்பிட்டுப் படி 2இல் உள்ள கேள்விகளைக் கேட்கிறோம். மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி பார்க்கிறார். தந்தைக்குக் காது கேட்காது. வீட்டில் சைகையில்தான் பேசுவார்கள். விடிந்து வீட்டுக்கு வந்து, தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரம் எழுதுவார். அனுப்பிய கதையும் ஒருவருக்கொருவர் பேசாமல் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இயற்கையை ரசிப்பதாக எழுதியிருக்கிறார்!

இரண்டாவது வரைவு இப்படி வருகிறது:

"(பெயர்) மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி பார்க்கிறார். அங்கே நோயாளிகள் சொல்வதையெல்லாம் கதைகளாக்குகிறார். காது கேளாத தந்தையோடு சைகையில் பேசி வளர்ந்தவர். பேச்சில்லாத வீடுகளைப் பற்றிச் சிறுகதைகள் எழுதுகிறார். அச்சில் வெளியாகும் இவருடைய முதல் கதை இது."

ஆள் வந்துவிட்டார். ஆனால் இரண்டாவது வாக்கியம் ஆபத்து. நோயாளிகள் சொன்னதை வெளியே சொல்கிறார் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டது போல் ஆகிவிடும். உண்மையில் அவர் அப்படிச் செய்யவும் இல்லை. சும்மா சுவாரசியத்துக்கு எழுதியது. மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், காவல் பணியில் இருப்பவர் எல்லோரும் இந்த இடத்தில் இரண்டு முறை யோசிக்க வேண்டும். அந்த வரியை எடுத்துவிடுகிறோம்.

தந்தையைப் பற்றிய வரி அவருடைய வாழ்க்கை மட்டுமில்லை, தந்தையின் வாழ்க்கையும்கூட. அச்சுக்குப் போகும் முன் தந்தையிடம் காட்டி, சம்மதமா என்று கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்றால் "சைகை மொழி அறிந்தவர்" என்று சுருக்கிக்கொள்ளலாம். அதிலும் பாதி விஷயம் வந்துவிடும்.

வாக்கிய வரிசையிலும் ஒரு திருத்தம். வாசகருக்கு முதலில் தெரியவேண்டியது இவர் எழுதுவது என்ன என்பது. வேலை அப்புறம்:

"(பெயர்) சிறுகதைகள் எழுதுகிறார். காது கேளாத தந்தையோடு சைகையில் பேசி வளர்ந்தவர். மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் இரவுப் பணி. எழுதுவது விடிந்த பிறகு. அச்சில் வெளியாகும் இவருடைய முதல் கதை இது."

முதலில் அனுப்பியதைவிடச் சிறியது, ஓர் அடைமொழிகூட இல்லை. "பேச்சில்லாத வீடுகள்" என்ற தொடரையும் எடுத்துவிட்டேன். கதையை முடித்துவிட்டு வரும் வாசகருக்கு அந்த முடிச்சு தானாகவே விழும். நாம் போட்டுக் காட்டினால் அதன் சுகம் போய்விடும்.

படி 7: ஒன்றுமே வெளியாகவில்லையே!

மேலே உள்ள குறிப்பின் கடைசி வரியைப் பாருங்கள். "முதல் கதை இது" என்பதை மறைக்க வேண்டிய குறையாக நினைக்காதீர்கள். ஒரு புதியவரை முதலில் வெளியிட்டது நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ள இதழ்களுக்கு ஆசை உண்டு. வாசகரும் கொஞ்சம் கூடுதல் கனிவோடு பார்ப்பார்.

இன்னும் தேர்வாகவே இல்லை, அனுப்பும்போதே குறிப்பு கேட்கிறார்கள் என்றால் என்ன எழுதுகிறீர்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்ற இரண்டு வரி போதும். "இதுவரை எதுவும் வெளியாகவில்லை, பிழை இருந்தால் பொறுத்தருள்க" என்ற மன்னிப்புக் கடிதம் வேண்டாம்.

சின்ன விஷயங்களைச் சரியான பெயரில் சொல்வது இங்கே முக்கியம். போட்டியின் நெடும்பட்டியலில் (முதலில் சலித்தெடுத்த நீளமான பட்டியல்) வந்தால் நெடும்பட்டியல் என்று எழுதுங்கள், குறும்பட்டியல் (அதிலிருந்து இறுதித் தேர்வுக்குப் போகும் சிறிய பட்டியல்) என்றால் குறும்பட்டியல். இரண்டையும் "பரிசு பெற்றவர்" என்று உருட்டினால் போட்டியை நடத்தியவர் கண்ணில் என்றாவது படும். சொந்தச் செலவில் புத்தகம் போட்டிருந்தால் தலைப்பையும் ஆண்டையும் கொடுங்கள், அது போதும். இதழின் பெயரைச் சொல்லாமல் "பல்வேறு முன்னணி இதழ்களில்" என்று எழுதினால், படிப்பவர் ஒன்றிலும் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒரே ஓர் இணைய இதழில் வந்திருந்தாலும் அதன் பெயரை எழுதுங்கள்.

எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்ற கணக்கெல்லாம் இலக்கிய இதழுக்குத் தேவையில்லை. பதிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் அது பெரிய எண்ணாக இருந்தால் மட்டும் சொல்லலாம்.

படி 8: கத்தரிக்கோல்

தமிழ்க் குறிப்புகளில் மண்டியிருக்கும் சில களைகளைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வரைவில் தேடிப் பிடியுங்கள். "என்பது குறிப்பிடத்தக்கது": குறிப்பில் எழுதியிருப்பதால் அது குறிப்பிடத்தக்கதுதான். "பன்முகத் திறன் கொண்டவர்", "எழுத்தே மூச்சு", "எண்ணற்ற", "தன்னிகரற்ற": யோசிக்காமல் அடியுங்கள். "எழுதி வருகிறார்" என்பது "எழுதுகிறார்" ஆனால் ஒன்றும் குறையாது. ஒரே குறிப்பில் மூன்று "வருகிறார்" வந்தால் யாரோ ஊர்வலமாக வருவது போல இருக்கும்.

"பிறந்து, வளர்ந்து, படித்து, பட்டம் பெற்று, தற்போது பணிபுரிந்துவரும் இவர்" என்று வினையெச்சமாக அடுக்கிக்கொண்டே போகும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். பயனிலை வரும்வரை வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

வயதை எண்ணாக எழுதாதீர்கள், அடுத்த வருடமே பொய்யாகிவிடும். வேண்டுமென்றால் பிறந்த ஆண்டு. நகைச்சுவை நன்றாக வருபவர்கள் ஒரு வரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை மேடையில் வேறொருவர் சிரிக்காமல் வாசிப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் இருக்கட்டும்.

படி 9: மூன்று அளவு

ஐம்பது வார்த்தைக்குள் அடங்கும் குறிப்பைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன். நீளமாக எழுதிச் சுருக்குவது வலிக்கும். நடுத்தரத்திலிருந்து இரண்டு பக்கமும் போவது எளிது. நம் ஆய்வக நண்பர் இரண்டு வருடம் கழித்து என்ன வைத்திருப்பார் என்று பாருங்கள். சமூக ஊடகத்துக்கு:

"சிறுகதை எழுதுபவர். இரவில் ஆய்வகம், விடிந்ததும் எழுத்து."

இது கணினிக் கணக்கில் 55 எழுத்து. இணைப்புக்கும் இடம் இருக்கிறது. புத்தகத்துக்கு:

"(பெயர்) சிறுகதைகள் எழுதுகிறார். காது கேளாத தந்தையோடு சைகையில் பேசி வளர்ந்தவர். கைகளும் முகங்களும் பேச்சைவிட அதிகம் சொல்லும் வீடுகளில் இவருடைய கதைகள் நடக்கின்றன. மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி பார்ப்பதால் விடிந்த பிறகு, தூங்கப்போகும் முன் எழுதுகிறார். முதல் கதை (ஆண்டு) (இதழின் பெயர்) இதழில் வெளியானது. அதன்பின் நான்கு கதைகள் வெளிவந்துள்ளன. அவற்றில் ஒன்று (போட்டியின் பெயர்) குறும்பட்டியலில் இடம்பெற்றது. இது இவருடைய முதல் தொகுப்பு."

புத்தகத்தில் "கைகளும் முகங்களும்" வரி இருக்கலாம், ஏனென்றால் பின்னட்டையைப் பார்ப்பவர் இன்னும் கதைகளைப் படிக்கவில்லை. இதழில் வேண்டாம் என்று எடுத்ததும் இங்கே சேர்ப்பதும் இதனால்தான்.

படி 10: அனுப்பும் முன்

ஒருமுறை உரக்கப் படியுங்கள். பிறகு உங்களை அவ்வளவாகத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறார் என்று பார்த்தால் போதும், கருத்துக் கேட்கக்கூட வேண்டாம்.

வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிள்ளைகளின் பெயர், அவர்கள் படிக்கும் பள்ளி எதுவும் குறிப்பில் வரக்கூடாது. முழுப் பிறந்த தேதியும் தாயின் பெயரும் பல சேவைகளில் அடையாளம் சரிபார்க்கக் கேட்கப்படுபவை, அதனால் இரண்டையும் சேர்த்து எழுதாதீர்கள். தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் போதும்; எழுத்துக்கென்று தனியாக ஒன்று தொடங்கிக்கொண்டால் நிம்மதி.

குறிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து, மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டி அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் வாழ்க்கை வரலாறு ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும்.

பெயர் தெரியாமல் மதிப்பிடும் போட்டி என்றால் குறிப்பு தனிக் கோப்பில்தான் போகவேண்டும். கதைக் கோப்பின் தலைப்பிலும் பக்க மேற்குறிப்பிலும் பெயர் இல்லை என்று பார்த்தால் போதாது. வேர்டு கோப்பின் பண்புகளில் "ஆசிரியர்" என்ற இடத்தில் உங்கள் பெயர் தானாகப் பதிந்திருக்கும். அதையும் நீக்குங்கள். பிடிஎஃப் ஆக்கினாலும் அது கூடவே ஒட்டிக்கொண்டு போகலாம்.

படம் கேட்டால் முகம் தெளிவாகத் தெரியும் ஒன்று. அச்சுக்கு வழக்கமாக ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை. இரண்டு அங்குல அகலத்தில் வரும் படத்துக்குக் குறைந்தது 600 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

அப்புறம், இதைத் தேதி போட்டு வையுங்கள்

மூன்று அளவையும் ஒரே கோப்பில் வைத்து, மேலே தேதி எழுதுங்கள். ஒவ்வொரு படைப்பு வெளியாகும்போதும் திறந்து, புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதில் ஒன்றை எடுத்துவிடுங்கள். அளவு கூடாது. "அச்சில் வெளியாகும் முதல் கதை இது" என்ற வரி இரண்டாவது கதைக்கும் ஒட்டிக்கொண்டு போகாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

குறிப்பில் "விரைவில்" என்ற சொல்லை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். "இவருடைய நாவல் விரைவில் வெளிவர உள்ளது" என்று நான் ஒரு காலத்தில் எழுதி, அதையே ஒட்டி ஒட்டி நான்கு வருடம் அனுப்பினேன். நாவல் பாதியில் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. பார்க்கிறவர்களெல்லாம் "நாவல் வந்துவிட்டதா?" என்று விசாரிப்பார்கள், நான் பேச்சை மாற்றுவேன்.

இணையத்தில் உங்கள் பழைய குறிப்பு எங்காவது கிடந்தால், அந்த இதழுக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள். அச்சில் வந்ததற்கு மருந்து கிடையாது. எனக்குப் பயணம் மிகவும் பிடிக்கும் என்று அங்கே இன்னும் இருக்கிறது.